நடைபாதை இடுக்கில் முளைக்கும் செடிகளைப் பதிவு செய்வது எப்படி: சென்னையில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

எங்கள் தெரு நடைபாதையில் தானாக முளைக்கும் செடிகளைக் கணக்கெடுக்க நான் இறங்கிய முதல் வருடம் கிட்டத்தட்ட முழுவதும் வீணாகப் போனது. எடுத்த படங்களில் பாதிக்கு மேல் எந்த இடம், எந்தத் தேதி என்ற தகவல் இல்லை. பேப்பரில் அழுத்தி வைத்த செடிகளில் முப்பதுக்கும் மேற்பட்டவை கார்த்திகை மழையில் பூஞ்சை பிடித்துப் போயின. மிஞ்சியதை எடுத்துக்கொண்டு ஒரு கல்லூரியின் தாவரவியல் துறைக்குப் போனேன். சேகரித்த விவரம் எழுதிய சீட்டு ஒன்றில்கூட ஒட்டாததால் வாங்க மறுத்துவிட்டார்கள். அவர்கள் மறுத்தது சரிதான் என்று பின்னால் புரிந்தது. ஆனால் அதை முன்னாலேயே யாராவது சொல்லியிருந்தால் ஒரு மழைக்காலம் மிஞ்சியிருக்கும்.

அந்த மழைக்காலம் உங்களுக்காவது மிஞ்சட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். தாவரவியல் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு போன், ஒரு நோட்டு, வாரத்துக்கு முக்கால் மணி நேரம் போதும்.

1. நூறு மீட்டர் போதும்

பேட்டை முழுவதையும் சுற்றிவிட வேண்டும் என்றுதான் முதலில் தோன்றும். வேண்டாம். நீங்கள் தினமும் நடக்கிற தெருவில் நூறு மீட்டரை மட்டும் எடுங்கள், இரண்டு பக்கமும். காய்கறிக் கடைக்கோ பஸ் நிறுத்தத்துக்கோ போகிற வழியாக இருந்தால் மிகவும் நல்லது. தனியாக நேரம் ஒதுக்கிப் போக வேண்டிய இடத்துக்கு மூன்றாவது வாரம் போக மாட்டீர்கள்.

ஒரு பக்கத் தாளில் அந்தத் தெருவை வரையுங்கள். வீட்டு எண்களும் ஈபி கம்ப எண்களும்தான் உங்கள் எல்லைக்கற்கள். அப்புறம் செடி முளைக்கக்கூடிய இடங்களைக் குறியுங்கள். காம்பவுண்டு சுவரும் தரையும் சேருகிற கோடு, இன்டர்லாக் கற்களின் இடுக்கு, மழைநீர் வடிகால் மூடியின் ஓரம், டிரான்ஸ்ஃபார்மர் மேடையின் அடி, ஏசி தண்ணீர் சொட்டுகிற இடம், மரத்தைச் சுற்றி விட்டிருக்கும் மண் சதுரம், பழைய சுண்ணாம்புச் சுவரின் வெடிப்பு. இந்த ஏழு இடத்திலும் வருகிற செடிகள் ஒன்றல்ல. ஏசி சொட்டுகிற இடத்தில் மாசி, பங்குனியிலும் பாசியும் குட்டிப் பெரணியும் பச்சையாக இருக்கும். அதற்கு இரண்டடி தள்ளி அருகம்புல் காய்ந்து கிடக்கும்.

2. எப்போது தொடங்குவது

சென்னையில் நவம்பர் நடுவில் தொடங்குவதுதான் சரி. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் கடைசியில் பிடித்தால், இரண்டு மூன்று வாரத்தில் விதைகள் முளைத்து இலை விரித்திருக்கும். டிசம்பர், ஜனவரியில் பெரும்பாலானவை பூவும் காயுமாக நிற்கும். பிப்ரவரி கடைசிக்குள் பாதி போய்விடும். நான் முதல் வருடம் ஏப்ரலில் ஆர்வமாகத் தொடங்கினேன். நித்தியகல்யாணி, மூக்கிரட்டை, அருகு, சிறுபூளை என்று விரல்விட்டு எண்ணும் அளவுதான் கண்ணில் பட்டது. நம் தெருவில் ஒன்றும் இல்லை போலிருக்கிறது என்று விட்டுவிடப் பார்த்தேன். வெயில் காலத்தில் தொடங்கி மனம் தளர்ந்து விட்டவர்கள் என்னைப் போல நிறையப் பேர் இருப்பார்கள்.

நாளின் நேரமும் முக்கியம். காலை ஏழிலிருந்து பத்துக்குள் போங்கள். விஷ்ணுகிராந்தியின் நீலப் பூ காலையில் விரிந்து மதியத்துக்குள் சுருண்டுவிடும். தரையோடு படரும் பருப்புக்கீரையின் மஞ்சள் பூ நல்ல வெயில் வந்த பிறகு சில மணி நேரம்தான் விரியும். மாறாக, துத்தி பிற்பகலில் பூக்கும், அந்திமந்தாரை பெயருக்கேற்ப அந்தியில். அதனால் மாதத்துக்கு ஒரு தடவை மாலை நாலரை, ஐந்து மணிக்கும் ஒரு சுற்று போய் வாருங்கள்.

தெருவைச் சுத்தம் செய்யும் நாளைத் தெரிந்துகொள்ளுங்கள். பொங்கலுக்கு முன்னாலும், ஏதாவது விழாவோ தேர்தலோ வரும்போதும் நடைபாதை ஓரம் மண்வெட்டியால் சுரண்டப்படும். அதற்கு எந்த அட்டவணையும் வெளியில் ஒட்ட மாட்டார்கள். உங்கள் தெருவில் வேலை செய்யும் தூய்மைப் பணியாளரிடம் கேட்டால் சொல்லிவிடுவார். அவர் வேலையை நிறுத்தச் சொல்லிக் கேட்காதீர்கள், மேலதிகாரியிடம் பதில் சொல்ல வேண்டியவர் அவர். சுரண்டுவதற்கு முந்தின நாள் நீங்கள் ஒரு சுற்று போய் வந்தால் போதும். சுரண்டின பின்னும் போங்கள். மூக்கிரட்டையின் வேர் கனமானது. மேலே வெட்டினாலும் ஓரிரு வாரத்தில் அதே இடுக்கிலிருந்து மறுபடி துளிர்க்கும். எது திரும்பி வந்தது, எத்தனை நாளில் வந்தது என்று எழுதி வைப்பதும் பதிவுதான்.

3. என்ன வாங்க வேண்டும், எவ்வளவு ஆகும்

பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் மடக்கு லென்ஸ் ஒன்று கட்டாயம் வேண்டும். நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்க்கிறார்களே, அதே வகைதான். சௌகார்பேட்டையில் நகைக் கருவி விற்கும் கடையில் 250 ரூபாய்க்கு வாங்கினேன். முப்பது மடங்கு, நாற்பது மடங்கு என்று போட்டு விற்பதை வாங்காதீர்கள், குனிந்த நிலையில் கை ஆடும்போது எதுவுமே தெரியாது.

கெட்டி அட்டை போட்ட சின்ன நோட்டு 60 ரூபாய். பென்சிலால் எழுதுங்கள், மழைத்துளி பட்டால் பேனா மை கரைந்துவிடும். 15 சென்டிமீட்டர் பிளாஸ்டிக் அடிக்கோல் 10 ரூபாய். கையுறை ஒரு ஜோடி. செடிகளை உலர்த்திச் சேர்ப்பதாக இருந்தால் பழைய செய்தித்தாள் இரண்டு கிலோ, அட்டைப்பெட்டி அட்டைகள், இரண்டு பெல்ட். எல்லாம் சேர்த்து எனக்கு 600 ரூபாய்க்குள் முடிந்தது. முதல் வருடம் இதற்கு மேல் செலவு செய்யாதீர்கள். மேக்ரோ லென்ஸ் கிளிப், ஸ்டாண்டு எல்லாம் நான் வாங்கி ஓரமாகக் கிடக்கின்றன.

4. போனைச் சரிசெய்யாமல் வெளியே போகாதீர்கள்

என்னுடைய பாதிப் படங்கள் வீணானது இந்த இடத்தில்தான். கேமரா அமைப்புக்குள் போய் இருப்பிடத்தைப் பதிவு செய்யும் வசதியை இயக்குங்கள். இயக்கிவிட்டு வாசலில் ஒரு படம் எடுத்து, அதன் விவரத்தில் வரைபடம் வருகிறதா என்று பாருங்கள். சென்னை என்றால் அட்சரேகை 13ஐ ஒட்டியும் தீர்க்கரேகை 80ஐ ஒட்டியும் காட்டும். அடுக்குமாடிகளுக்கு நடுவே இருக்கும் தெருவில் அது இருபது முப்பது மீட்டர் தள்ளிக்கூடக் காட்டும். அதனால்தான் வீட்டு எண்ணையும் கம்ப எண்ணையும் நோட்டில் எழுதச் சொல்கிறேன்.

இன்னொரு பெரிய கண்ணி வாட்ஸ்அப். படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, அங்கிருந்து இறக்கிய பிரதியைப் பதிவேற்றினால் இடமும் தேதியும் அதில் இருக்காது. தங்கை, தோழி எடுத்த படங்களையெல்லாம் நான் அப்படித்தான் வாங்கினேன். ஒன்றும் தேறவில்லை. மின்னஞ்சலிலோ டிரைவிலோ மூலப் படமாகவே வாங்குங்கள்.

5. ஒரு செடிக்கு ஐந்து படம்

பூவை மட்டும் அழகாக எடுத்தால் பெயர் கண்டுபிடிக்க முடியாது. வரிசையாக ஐந்து எடுங்கள்: முதலில் செடி இருக்கும் இடம், கல்லும் சுவரும் தெரிகிற மாதிரி. இரண்டாவது முழுச்செடி, பக்கத்தில் அடிக்கோலோடு. மூன்றாவது இலை தண்டில் சேரும் கணு. நான்காவது பூவோ காயோ, அருகில். ஐந்தாவது இலையின் அடிப்பக்கம்.

அந்த ஐந்தாவது படத்தை எல்லாரும் விட்டுவிடுவார்கள். கீழாநெல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து பார்த்தால் சின்னப் புளிய இலை போல ஒரு பச்சை வரிசை, அவ்வளவுதான். காம்பை மெல்லத் திருப்பிப் பார்த்தால் ஒவ்வொரு இலைக்கும் அடியில் கடுகளவுக்குக் கொஞ்சம் பெரிய காய் தொங்கும். லென்ஸை வைத்துப் பாருங்கள். காய் வழுவழுப்பாகவும் சின்னக் காம்போடும் இருந்தால் வழக்கமான கீழாநெல்லி. காம்பே இல்லாமல் தண்டோடு ஒட்டி, மேல்தோல் சொரசொரப்பாக இருந்தால் அதன் உறவான சிவப்புக் கீழாநெல்லி. இரண்டும் ஒரே தெருவில் பத்தடி இடைவெளியில் நிற்கும். மேலிருந்து எடுத்த படத்தில் உலகத்தில் யாராலும் இவற்றைப் பிரித்துச் சொல்ல முடியாது.

6. முதலில் பழக வேண்டிய செடிகள்

இவற்றைக் கண் மூடிச் சொல்கிற அளவுக்குப் பழகிவிட்டால், மற்றவை தானாக வேறாகத் தெரியத் தொடங்கும்.

*வெட்டுக்காயப் பூண்டு.* கிணற்றடிப் பூண்டு, தாத்தாப்பூ என்றும் சொல்வார்கள். நீளமான ஒற்றைக் காம்பின் நுனியில் மஞ்சள் நடுவும், சுற்றிலும் நாலைந்து வெளிர் இதழும். ஒவ்வொரு இதழின் நுனியும் மூன்று பல்லாக வெட்டுப்பட்டிருக்கும். இதைக் கரிசலாங்கண்ணி என்று நினைத்துப் பறித்துப் போகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். வெள்ளைக் கரிசலாங்கண்ணி ஈரமான கால்வாய் ஓரத்தில் வரும், பூ முழுவதும் வெள்ளையாக இருக்கும், தண்டைக் கசக்கினால் சாறு கருக்கும்.

*குப்பைமேனி.* சுவரடியில் இல்லாத தெரு கிடையாது. நிமிர்ந்த கதிரில், பச்சைக் கிண்ணம் போன்ற செதில்கள் அடுக்கடுக்காக இருக்கும். அந்தக் கிண்ணத்துக்குள்தான் பெண் பூ. வேரோடு பிடுங்கிப் போட்டால் பூனை வந்து அதில் புரளும், பூனைவணங்கி என்ற பெயர் அப்படி வந்ததுதான். எங்கள் தெருவில் சுத்தம் செய்த மறுநாள் காலையில் இரண்டு பூனைகள் அந்தக் குவியலைவிட்டு நகரவே இல்லை.

*மூக்கிரட்டை.* தரையோடு நாலா பக்கமும் கை நீட்டும். பூ குண்டூசித் தலை அளவு, கருஞ்சிவப்பும் ரோஜா நிறமும் கலந்தது. காயில் ஐந்து வரம்பும் பிசுபிசுப்பும் உண்டு. ஒரு சுற்று போய் வந்து உங்கள் சுடிதார் கால் ஓரத்தைப் பாருங்கள், பத்துக் காயாவது ஒட்டியிருக்கும். நாய் முடியிலும் அப்படித்தான் ஒட்டி அடுத்த தெருவுக்குப் போகிறது.

*நாயுருவி.* இதுவும் ஒட்டும், ஆனால் குத்தும். நீளமான கதிரில் காய்கள் கீழ்நோக்கி மடிந்திருக்கும்.

*அம்மான் பச்சரிசி.* சிவந்த, ரோமம் உள்ள தண்டு, எதிரெதிர் இலை, கணுவில் உருண்டை உருண்டையாகப் பூங்கொத்து. கிள்ளினால் பால் வரும்.

*சிறுபூளை.* பஞ்சு வைத்தாற்போல் வெள்ளைப் பூ. போகியன்று வேப்பிலை, ஆவாரம்பூவோடு காப்புக் கட்டுவதற்கு மார்க்கெட்டில் கட்டாக விற்பது இதுதான். ஜனவரி இரண்டாம் வாரத்தில் தெருவில் நிற்கும் பூளையும் பறிபோகும், அதற்கு முன்னால் பதிந்துவிடுங்கள்.

*வேளை.* மஞ்சள் பூவும் கையில் ஒட்டும் தண்டும் என்றால் நாய்வேளை. வெள்ளைப் பூவில் கேசரங்கள், அதாவது மகரந்தம் தாங்கும் இழைகள், நீளமாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் தைவேளை.

*பட்டாசுக்காய்.* ஊதாநிறப் புனல் பூ. காய்ந்த காயை நாக்கில் தொட்டுக் கையில் வைத்தால் சில நொடியில் பட்டென்று வெடிக்கும், பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு இது தெரியும். முதல் மழையில் சுவரோரம் நின்று கேளுங்கள், சின்னச் சின்னதாகச் சத்தம் வரும். நனைந்த விதை வழவழப்பாகி விழுந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். கல்லிடுக்கில் அது நிலைப்பது அதனால்தான். நாக்குக்குப் பதில் தண்ணீர் பாட்டிலைப் பயன்படுத்துங்கள், காரணம் பின்னால் சொல்கிறேன்.

அப்புறம் வழிதவறி வந்தவை. தொட்டியிலிருந்து தப்பிய நித்தியகல்யாணி, பத்துமணிப் பூ, அந்திமந்தாரை. பழக்கடை வண்டி நின்ற இடத்தில் தர்பூசணிக் கொடி, டிபன் கடைப் பின்புறம் தக்காளிச் செடி, சுவர் உச்சியில் காக்கை போட்ட அரசங்கன்று. இவற்றை விட்டுவிடாதீர்கள். நான் முதல் வருடம் இவை காட்டுச்செடி இல்லை என்று ஒதுக்கிவிட்டு, பின்னால் வருந்தினேன்.

7. பெயர் வைப்பதில் அவசரம் வேண்டாம்

தமிழ்ப் பெயர் மட்டும் எழுதி வைத்தால் அடுத்த மாவட்டத்துக்காரருக்கு வேறு செடி நினைவுக்கு வரும். ஒரே செடிக்கு ஐந்து பெயர், ஒரே பெயருக்கு மூன்று செடி. ஆகவே தமிழ்ப் பெயரோடு அறிவியல் பெயரையும் எழுதுங்கள். தமிழ்ப் பெயரை யார் சொன்னார்கள், அவர் எந்த ஊர்க்காரர் என்றும் ஒரு வரி எழுதுங்கள். எங்கள் தெருமுனையில் பூ விற்கும் அம்மா செய்யாற்றுப் பக்கம். அவர் சொன்ன பெயர்களில் நாலைந்து எந்த அகராதியிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

அறிவியல் பெயர்களும் மாறும். பூவாங்குருந்தலைப் பழைய நூல்களில் வெர்னோனியா என்று பார்ப்பீர்கள், இப்போது சயாந்திலியம். கியூ தாவரவியல் பூங்காவின் பிளான்ட்ஸ் ஆஃப் தி வேர்ல்டு ஆன்லைன் தளத்தில் பழைய பெயரைப் போட்டால் இப்போதைய பெயரைக் காட்டும், கட்டணம் இல்லை. இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் இணைய உலர்தாவரத் தொகுப்பில் செடியை உலர்த்தி ஒட்டிய உண்மையான தாள்களின் படத்தையே பார்க்கலாம்.

படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் போன் செயலி முதலில் காட்டும் பெயரை அப்படியே அழுத்திவிடாதீர்கள். சந்தேகம் இருந்தால் பேரினத்தோடு, அதாவது அறிவியல் பெயரின் முதல் சொல்லோடு, நிறுத்துங்கள். தவறான பெயரைவிடப் பாதிப் பெயர் எவ்வளவோ மேல், பின்னால் தெரிந்தவர் வந்து முடித்து வைப்பார்.

8. பதிவேற்றுவது

நான் பயன்படுத்துவது ஐநேச்சுரலிஸ்ட். செடி, பூச்சி, பறவைப் படங்களைப் பதிவேற்றி, தெரிந்தவர்கள் உதவியோடு பெயர் கண்டுபிடிக்கும் தளம், செயலியாகவும் உண்டு. இலவசம். இந்தியச் செடிகளைத் தெரிந்த பலர் அதில் இருக்கிறார்கள். சொந்தமாகக் கணக்குத் தொடங்க 13 வயது ஆகியிருக்க வேண்டும். சிறு பிள்ளைகள் என்றால் அதன் துணைச் செயலியான சீக் போதும், அதற்குக் கணக்கே வேண்டாம்.

உங்கள் பதிவு ஆய்வுத்தரம் என்ற நிலையை அடைய வேண்டுமானால் படம், தேதி, இடம் மூன்றும் வேண்டும். குறைந்தது இரண்டு பேர் ஒரே இனப்பெயரைச் சொல்லியிருக்க வேண்டும், பெயர் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போக வேண்டும். இதற்குச் சில நாளும் ஆகலாம், பல மாதமும் ஆகலாம். புல் வகைகள் என்றால் பொறுமையாக இருங்கள்.

நடப்பட்டதா, தானாக வந்ததா என்று ஒரு கேள்வி அதில் உண்டு. தொட்டியில் இருக்கும் நித்தியகல்யாணி நடப்பட்டது. அதன் விதை விழுந்து கல்லிடுக்கில் முளைத்தது தானாக வந்தது. நான் எல்லா நித்தியகல்யாணியையும் நடப்பட்டது என்று குறித்துவிட்டேன். நடப்பட்டவை ஆய்வுத்தரத்துக்குப் போகாது என்பது பிறகுதான் தெரிந்தது. ஒவ்வொன்றாகத் திறந்து திருத்த இரண்டு மாலை போயின.

உரிமம் என்ற இடத்தில் எல்லா உரிமையும் எனக்கே என்று வைத்தால் உலகளாவிய உயிரினத் தரவுத்தளமான ஜிபிஐஎஃபுக்கு உங்கள் பதிவு போகாது. வணிகமல்லாத பயன்பாட்டுக்கு அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் வைத்தால் போகும்.

வீட்டு வாசலில் எடுத்த படத்துக்கு மட்டும் கவனம். துல்லியமான இடம் உங்கள் முகவரியைக் காட்டிக்கொடுத்துவிடும். செயலியில் மறைக்கும் வசதி இருக்கிறது. ஆனால் அது இடத்தை இருபது கிலோமீட்டர் அகலத்துக்குக் கலைத்துவிடும், தெருக் கணக்குக்குப் பயன்படாது. நான் தெருமுனையில் புள்ளியை வைத்து, இடம் எவ்வளவு தள்ளியிருக்கலாம் என்று காட்டும் துல்லிய வட்டத்தை நூறு மீட்டராகப் பெரிதாக்கிவிடுகிறேன்.

9. உலர்த்திச் சேர்ப்பது

இது கட்டாயம் இல்லை. முதல் வருடம் படத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. செய்வதாக இருந்தால், ஒரு இனத்துக்கு ஒரு செடிதான். ஒன்றே ஒன்று நிற்கிறது என்றால் எடுக்காதீர்கள்.

வேர், இலை, பூ, காய் எல்லாம் தெரிகிற மாதிரி செய்தித்தாளில் பரப்புங்கள். ஒரு இலையையாவது அடிப்பக்கம் மேலே இருக்கும்படி திருப்பி வையுங்கள். அட்டைகளுக்கு நடுவே அடுக்கிப் பெல்ட்டால் இறுக்குங்கள். முதல் நான்கு நாள் தினமும் தாளை மாற்ற வேண்டும். என் முப்பது செடிகள் போனது இந்த ஒரு வேலையைச் செய்யாததால்தான். சென்னை மழைக்காலத்துக் காற்றே ஈரம், வாரத்துக்கு ஒரு தடவை மாற்றினால் போதும் என்பது இங்கே நடக்காது. நன்றாக உலர பத்து நாள், சில சமயம் இரண்டு வாரமும் ஆகும்.

பருப்புக்கீரை போன்ற நீர் நிறைந்த செடிகள் அழுத்தத்துக்குள்ளேயே உயிரோடு இருக்கும். ஐந்தாம் நாள் பிரித்தால் புதுத் துளிர் விட்டிருக்கும், இலைகள் உதிர்ந்திருக்கும். கொதிக்கும் தண்ணீரில் சில நொடி முக்கி எடுத்து, ஈரத்தை ஒற்றிவிட்டு அழுத்துங்கள். மூக்கிரட்டை வேரை நீளவாக்கில் பிளந்து வையுங்கள்.

பூச்சிக்கு, பழைய முறையில் பாதரச உப்புக் கரைசல் தடவுவார்கள். அது கொடிய விஷம், வீட்டில் கிட்டேயே கொண்டுவராதீர்கள். உலர்ந்த செடியைத் தாளோடு காற்றுப் புகாத கவரில் போட்டு, மைனஸ் 18 டிகிரி வரை குளிரும் ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்தால் போதும். எடுத்தவுடன் கவரைப் பிரிக்காதீர்கள், அறை வெப்பத்துக்கு வரட்டும். இல்லாவிட்டால் உள்ளே ஈரம் கோக்கும்.

உலர்ந்த செடியை ஒட்டும் தாள் 42க்கு 28 சென்டிமீட்டர். வலது கீழ் மூலையில் சீட்டு. சீட்டில் இருக்க வேண்டியவை: அறிவியல் பெயர், குடும்பம், உள்ளூர்ப் பெயர், தெருவும் ஊரும் மாவட்டமும், அட்சரேகை தீர்க்கரேகை, தேதி, எந்த மாதிரி இடுக்கு, பூவின் நிறம், சேகரித்தவர் பெயர், வரிசை எண். பூவின் நிறத்தைப் பறித்த அன்றே எழுதுங்கள், காய்ந்ததும் மூக்கிரட்டையின் ரோஜா நிறம் பழுப்பாகிவிடும். எந்தத் தொகுப்பகத்துக்குக் கொடுப்பதாக இருந்தாலும் முதலில் மின்னஞ்சல் எழுதி, சாதாரணக் களைச்செடிகளை வாங்குவார்களா என்று கேட்டுவிட்டுப் போங்கள். நான் கட்டைத் தூக்கிக்கொண்டு நேராகப் போய் நின்றேன். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையமும், திருச்சியில் தூய வளனார் கல்லூரியின் ராப்பினாட் தொகுப்பகமும் நம் மாநிலத்தில் முக்கியமானவை.

10. அனுமதியும் ஆட்களும்

இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமக்கள் சொந்தப் படிப்புக்காகத் தெருவோரக் களைச்செடியைப் படம் எடுக்கவோ ஒன்றை உலர்த்தவோ 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டத்தின் கீழ் முன் அனுமதி வாங்க வேண்டியதில்லை. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்களோ வெளிநாட்டில் வசிக்கும் இந்தியக் குடிமக்களோ ஆராய்ச்சிக்கு எடுப்பதாக இருந்தால் தேசிய உயிரியல் பன்மை ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். அதன் தலைமை அலுவலகம் தரமணியிலேயே இருக்கிறது. விடுமுறைக்கு வரும் உறவினர் ஆசையாகச் செடியைப் பெட்டியில் வைத்து எடுத்துப்போவதைத் தடுத்துவிடுங்கள். கிண்டி தேசியப் பூங்கா போன்ற காப்பிடங்களுக்குள் எதையும் பறிக்கக் கூடாது. ரயில் நிலையம், துணைமின் நிலையம், ராணுவ வளாகச் சுவர் பக்கம் போனையே எடுக்காதீர்கள்.

காகிதத்தைவிட ஆட்கள்தான் முக்கியம். குனிந்தபடி சுவரையே பார்த்துக்கொண்டு நின்றால் யாருக்கும் சந்தேகம் வரும். முதல் வாரமே அந்தப் பூக்கார அம்மா, "என்னம்மா தேடுற, கம்மல் விழுந்துடுச்சா?" என்று கேட்டுவிட்டு என்னோடு குனிந்து தேடத் தொடங்கிவிட்டார். வாட்ச்மேன் அண்ணாக்களிடம் முதல் நாளே நோட்டைக் காட்டி விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். வீட்டுக்காரர்களிடம், செடியைப் பிடுங்கச் சொல்லிப் புகார் கொடுக்க வரவில்லை என்று தெளிவாகச் சொல்லுங்கள், பாதிப் பேர் அப்படித்தான் பயப்படுகிறார்கள். மாணவர்கள் கல்லூரியிலிருந்து ஒரு பக்கக் கடிதம் வாங்கி வைத்திருப்பது நல்லது.

11. தொடக்கூடாதவை, சாப்பிடக்கூடாதவை

நடைபாதையில் முளைத்த எதையும் சாப்பிடாதீர்கள். மணத்தக்காளியாக இருந்தாலும் பருப்புக்கீரையாக இருந்தாலும் சரி. நாய் மூத்திரம், சாக்கடைத் தண்ணீர், வண்டிப் புகையின் படிவு எல்லாம் அதில் இருக்கும். கழுவினால் எல்லாம் போய்விடாது. மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரில் எலி மூத்திரம் கலந்து எலிக்காய்ச்சல் வரும் ஆபத்து உண்டு. கையில் காயம் இருந்தால் கையுறை இல்லாமல் இறங்காதீர்கள், வீடு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பருப்புக்கீரை என்று நினைத்துப் பறிக்கிற செடி, கிள்ளினால் பால் வடிந்தால் சித்திரப்பாலாடை போன்ற வேறு குடும்பத்துச் செடி. படிப்புக்காக மட்டும் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பார்த்தீனியம் கேரட் இலை போல வெட்டுப்பட்ட இலையும் பொடி வெள்ளைப் பூவுமாக இருக்கும். சிலருக்குத் தோல் தடித்து அரிக்கும், மகரந்தத்தால் மூச்சிரைப்பும் வரும். படம் எடுங்கள், தொடாதீர்கள். ஊமத்தை பூவிலிருந்து விதை வரை விஷம். எருக்கின் பால் கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து, உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

12. தரையில் பெயர் எழுதுவது

இரண்டாம் வருடம் நான் செய்து பார்த்தது இது. வெள்ளைச் சாக்பீஸ் ஒரு பெட்டி வாங்கி, ஒவ்வொரு செடிக்குப் பக்கத்திலும் தரையில் பெயரை எழுதினேன். சுவரில் எழுதாதீர்கள். அது அடுத்தவர் சொத்து, பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் 1959ஆம் ஆண்டுச் சட்டமும் தமிழ்நாட்டில் இருக்கிறது. தரையானாலும் அந்த வாசல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும், கோலம் போடும் இடத்தை விட்டுத் தள்ளி. பெயரைப் பெரிதாக, தமிழில், நடந்து போகிறவர் நிற்காமலே படிக்கிற மாதிரி எழுதுங்கள்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு எழுதுவது நல்லது. பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள், வண்டி குறைவு. நூறு மீட்டருக்கு ஒரு மணி நேரம் ஆகும். மழை வந்தால் எல்லாம் அழிந்துவிடும், தரை காய்ந்ததும் மறுபடி எழுத வேண்டியதுதான். டிசம்பரில் அப்படி அழிந்த ஒரு வாரம் நான் ஊரில் இல்லை. திரும்பி வந்து பார்த்தபோது டிரான்ஸ்ஃபார்மர் அடியிலும் வடிகால் மூடி ஓரத்திலும் பெயர்கள் இருந்தன. செங்கல் துண்டால், என்னுடையதில்லாத கையெழுத்தில் "மூக்கரட்டை" என்றும் "பூனவணங்கி" என்றும் யாரோ எழுதியிருந்தார்கள். மூன்றாவதாக ஒரு பெயர், பூவாங்குருந்தலுக்குப் பக்கத்தில், நான் கேள்விப்படாதது. அதை நோட்டில் குறித்துக்கொண்டேன். எழுதியவர் யாரென்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.